கலப்பைக்கிழங்கின் இன்னொரு கை

1998 மே 17, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்தேன். பின்கட்டில் வைத்திருக்கும் கண்ணாடிக் குப்பியில் எவ்வளவு மழைத்தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து டைரியில் குறித்தேன். முந்தின நாள் மழை போதுமானதாக இருந்ததால் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. வெந்நீர் போட்டேன். திங்கட்கிழமைக்கான சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினேன். செய்தித்தாளில் அந்த வாரம் முழுக்கப் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைதான். முதல் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் தலைக்கு மேலே கால் இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு கால் ஊன்றும் சத்தம், பிறகு இன்னொரு கால் தரையில் தேய்ந்து வரும் சத்தம்.

மேலே இருந்தவர் என் மனைவியின் அண்ணன். அரசுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் மனைவி இறந்தபிறகு எங்களோடு வந்துவிட்டார். பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்னால் உள்ள சந்தில் எங்கள் வீடு. மொட்டைமாடியில் ஒற்றை அறை, அதில் அவர். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். வயதில் என்னைவிட மூத்தவர் என்றாலும் எங்களுக்குள் கேலிதான் அதிகம். அந்த வருடம் தொடக்கத்தில் அவருக்கு வலது காலின் கட்டைவிரல் சிவந்து வீங்கியது. போர்வை பட்டால்கூட அலறினார். சிவாஜிநகரில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, கவுட் என்ற மூட்டுவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரை வயிற்றைக் கலக்குகிறது என்று இவர் பாதியில் நிறுத்திவிட்டார். வீக்கம் மறுபடி வந்தது. அதிலிருந்து அந்தத் தேயும் சத்தம் எங்கள் வீட்டில் கடிகாரச் சத்தம்போல் ஆகிவிட்டது. கேட்டால் எரிச்சலாக இருக்கும். கேட்காவிட்டால் என்னவோ என்று தோன்றும்.

எனக்கு அப்போது பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. வார்ப்புகளை அளந்து பார்த்து, தேறியதற்குப் பச்சைப் பெயிண்டும் தேறாததற்குச் சிவப்புப் பெயிண்டும் தொட்டு வைக்க வேண்டும். வீட்டில் பொழுதுபோக்கு, கிழங்கிலிருந்து முளைக்கும் பூச்செடிகள். வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருப்பதும் சேனைபோல் கட்டியாக இருப்பதும் எங்கள் பேச்சில் எல்லாமே பல்புதான். ஒவ்வொரு தொட்டியிலும் அலுமினியத் தகட்டில் வெட்டிய பட்டை ஒன்று செருகியிருப்பேன். தகட்டில் பென்சிலால் எழுதினால் எத்தனை மழை பெய்தாலும் அழியாது. முன்பக்கம் தாவரவியல் பெயர், பின்பக்கம் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்பது. பெயரைப் படிப்பதைவிடப் பின்பக்கத்தை எழுதுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. நூலகத்தில் உட்கார்ந்து தேடி எடுத்து எழுதுவேன்.

மாதத்தின் மூன்றாம் ஞாயிறு எங்கள் பல்பு வளர்ப்போர் கூடும் நாள். காக்ஸ் டவுனில், ஓய்வு பெற்ற ஒரு தாவரவியல் ஆசிரியை வீட்டில். அவரை எல்லோரும் மேடம் என்போம். வீட்டில் கன்னடம் பேசுபவர், எங்களோடு தமிழ். கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கேட்டு வாங்கிய செடி பிழைக்காது, கண்மறைவாக எடுத்துவந்ததுதான் தழைக்கும் என்று பெங்களூரில் பலரும் நம்புவார்கள். மேடம் அதையே விளையாட்டாக ஒரு முறையாக்கியிருந்தார். கூடத்து மேஜையில் அவரவர் கொண்டுவந்ததைப் பெயர் எழுதிய காகிதப் பையில் வைத்துவிடுவோம். பிறகு எல்லோரும் வராந்தாவில் காபி குடிப்போம். ஒவ்வொருவராக உள்ளே போய் வேண்டியதை எடுத்துக்கொண்டு வரலாம். யார் எதை எடுத்தார்கள் என்று யாரும் பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது. படித்தவர்கள், கணக்காயர், வங்கி அதிகாரி எல்லோரும் அதைக் குழந்தைகள்போல் கடைப்பிடித்தார்கள்.

அன்று என்னைப் பெயர்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். மச்சானையும் கூட்டிக்கொண்டு போகும்படி என் மனைவி சொன்னாள். அறையிலேயே கிடந்து காலைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பார் என்றாள். அவர் முதலில் மறுத்தார், பிறகு பளிச்சென்று சட்டை போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். என் பையில் மாற்றிக்கொள்வதற்காகக் கொண்டுபோன ஒரே ஒரு கிழங்கு இருந்தது. செங்காந்தள். ஏர்க்கலப்பைபோல் இரண்டு கையாகப் பிரிந்திருக்கும் என்பதால் கலப்பைக்கிழங்கு என்பார்கள். பூவைப் பார்த்தாலே கண் வலிக்கும் என்று சொல்லி, எங்கள் பக்கத்தில் கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வார்கள். பையின் மேல் நான் எழுதியது தாவரவியல் பெயரை மட்டும்: குளோரியோசா சூப்பர்பா.

மேடம் வீட்டு வாசலில் ரத்தச் சிவப்பில் உருண்டை உருண்டையாகப் பூத்து நின்றது மே மாதத்தில் மட்டும் மலரும் ஒரு செடி. அதிலிருந்தே ஆரம்பித்தேன். அதன் பழைய பெயருக்கு ரத்தப்பூ என்று பொருள். மழை பெய்த மறுநாள் பூக்கும் மழை லில்லியின் பெயருக்கு மேல்காற்றுப் பூ. நாம் அமரில்லிஸ் என்று அழைக்கும் பெரிய சிவப்புப் பூவுக்கு உண்மையான பெயர் வேறு, அதற்குக் குதிரைவீரனின் விண்மீன் என்று பொருள். அமரில்லிஸ் என்பது கிரேக்கப் பாட்டுகளில் ஆடு மேய்க்கும் ஒரு பெண். கிளாடியோலஸ் என்றால் சின்ன வாள். சம்பங்கியின் பெயருக்கு நரைத்த பூ என்று பொருள் என்றதும் மச்சான் தன் தலையைத் தடவிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அன்று நன்றாகவே இருந்தார். ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மாலைக்குப் போகிற பூவுக்கா இவ்வளவு பேர் என்று பக்கத்தில் இருந்த வங்கி அதிகாரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு எச்சரிக்கிற பெயர்களுக்கு வந்தேன். நார்சிசஸ் என்பது மரத்துப்போதல் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பழைய ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அதன் கிழங்கைத் தின்றால் உடம்பு மரத்துப்போகும். நம் ஊர் கிரைனத்துக்குக் கிரேக்கத்தில் வெறும் லில்லி என்றுதான் பொருள். ஆனால் தமிழில் விஷமூங்கில் என்று நேராகவே சொல்லிவிட்டோம். கடைசியாக கால்சிகம். கருங்கடல் ஓரத்தில் கால்கிஸ் என்று ஒரு நாடு இருந்தது, நஞ்சு காய்ச்சத் தெரிந்த ஓர் இளவரசியின் நாடு என்று கதை, அந்த நாட்டின் பெயர்தான் செடிக்கு.

அது இங்கே வளருமா என்று யாரோ கேட்டார்கள். வளராது என்றேன். ஆனால் அதில் இருக்கும் அதே சரக்கு நம் செங்காந்தளிலும் இருக்கிறது, கவுட்டுக்குக் கொடுக்கும் மாத்திரைக்குக்கூட அந்த நாட்டின் பெயரால்தான் கால்சிசின் என்று பெயர் என்றேன்.

மச்சான் ஸ்டூலிலிருந்து காலைக் கீழே இறக்கினார்.

"ஏன் மாப்ளே, எனக்குக் குடுத்தது அந்த மாத்திரைதானே?"

"அதான் மச்சான்."

"மாத்திரையே கிழங்குல இருந்துதான் வருதுன்னா, மாத்திரை எதுக்கு?"

நல்ல கேள்வி என்று ஒருவர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. மாத்திரையில் அளந்து வைத்திருக்கிறார்கள், கிழங்கில் யார் அளப்பார்கள் என்று கேட்டார். அந்தச் செடி மொத்தமுமே விஷம், ஆடு மாடுகூடத் தின்னாது என்று நானும் சொன்னேன். மச்சான் தலையை ஆட்டினார். காபி வந்தது. எல்லோரும் வராந்தாவுக்குப் போனோம். வானம் ஏரிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். மச்சானும் போனார். அவர் திரும்பி வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது, கால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். வழக்கப்படி நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அவரே சொன்னார், மழை லில்லி இரண்டு எடுத்தாராம், தொட்டியில் நட்டுக் கொடு என்றார். நான் எதுவும் கேட்டிருக்கக் கூடாது, கேட்கவும் இல்லை. சாப்பாட்டுக்குக் கீரைக்கூட்டும் ரசமும். அவர் குறைவாகத்தான் சாப்பிட்டார். மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது, அறைக்குள் தேயும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. நான் பையிலிருந்து எடுத்து வந்தவற்றைப் பிரித்துத் தொட்டியில் நட்டேன். மழை லில்லியைத் தேடினேன். அவர் தரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

என் மனைவி காபி கலந்துகொண்டிருந்தாள். மேலே சத்தமே இல்லையே என்றேன்.

"தூங்குவாரு. கொஞ்ச நேரம் முன்னாடி வந்து இஞ்சி தட்டுற கல்லைக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. தேனும்."

"கல்லு எதுக்கு?"

"இஞ்சிச் சாறுன்னாரு. வீட்ல இஞ்சியே இல்லையே, இன்னாத்த தட்டப் போறாருன்னு நானும் நெனச்சேன்."

நான் படியேறினேன். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் இல்லை. அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், தூங்கவில்லை. கல்லைக் கழுவி ஜன்னல் விளிம்பில் காய வைத்திருந்தார். அவர் எதையும் கழுவி வைக்கிறவர் அல்ல. மேஜைமேல் என் எழுத்தில் குளோரியோசா சூப்பர்பா என்று எழுதிய காகிதப் பை கிடந்தது. அதற்குள் கிழங்கு. கலப்பையில் ஒரு கைதான் இருந்தது. இன்னொரு கை ஒடிந்த இடம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

மச்சான், இது என்ன என்று கேட்டேன். அவர் புரண்டு படுத்தார். எடுத்ததை யாரும் கேட்கக் கூடாது, உங்க மேடமே சொன்னாங்களே என்றார். அது செடிக்குத்தான் என்றேன்.

"இன்னொரு கை எங்க?"

"ஒடிஞ்சு போச்சு. ஜன்னல் வழியா வீசிட்டேன். இன்னா மாப்ளே, இன்ஸ்பெக்‌ஷன் இங்கயுமா?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்கும் எங்களுக்கும் நடுவில் சாக்கடைச் சந்து. மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனாள். தண்ணீரைத் தள்ளித் தள்ளித் தேடுவது மேலிருந்து தெரிந்தது. நான் அறையிலேயே நின்றேன். நல்லா இருக்கேன் மாப்ளே, வயிறுகூடக் கலக்கலை, பாரு, மாத்திரையவிட இதுவே தேவலை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னபிறகு வாயை மூடிக்கொண்டார்.

என் மனைவி படியேறி வந்தாள். கையில் ஒன்றுமில்லை. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவள் கத்தவில்லை. கட்டிலின் ஓரத்தில், அவருடைய வீங்கிய காலுக்குப் பக்கத்தில், படாமல் உட்கார்ந்தாள்.

"அண்ணா, அவர்கிட்ட மறைச்சுக்கோ. என்கிட்ட சொல்லு. எவ்ளோ?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "தேன்ல கொழச்சு நக்கினேன். வலி பொறுக்கல கண்ணு. உங்க மேல எத்தினி நாளைக்கு பாரமா கெடக்குறது."

அவள் எழுந்தாள். அவருடைய வேட்டியைச் சரிசெய்து, தோளைப் பிடித்து எழுப்பினாள். நான் காகிதப் பையை அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன். வழியெல்லாம் அவர் ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார், காலுக்காகப் போகிறோம் என்றார். அவர் சிரிப்பதைப் பார்க்கப் பார்க்க நான் ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன். இந்தச் செடியைப் பற்றி நூலகத்தில் படித்திருந்தேன். தின்றவர்கள் முதலில் நன்றாகத்தான் இருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தவர் சின்ன வயது டாக்டர் அம்மா, வடக்குக் கர்நாடகத்துக்காரர். ஏனு திந்தரு, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். கண்வலிக்கிழங்கு என்றேன். புரியவில்லை. கலப்பைக்கிழங்கு என்றேன். கையால் கலப்பை வரைந்து காட்டினேன். ஏதோ கிராமத்து வைத்தியம் என்று எண்ணிவிட்டார் போலிருந்தது, உட்காரச் சொன்னார். வரிசையில் எங்களுக்கு முன்னால் கை ஒடிந்த ஒருவரும், காய்ச்சலோடு இரண்டு பேரும் இருந்தார்கள். நான் காகிதப் பையை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் பென்சில் எழுத்தைப் படித்தார். மறுபடி படித்தார். பேனாவை எடுத்து அந்த இரண்டு சொற்களையும் அப்படியே சீட்டில் எழுதிவிட்டு எழுந்து நின்றார். நர்ஸைக் கூப்பிட்ட குரல் வேறாக இருந்தது.

வயிற்றைக் கழுவினார்கள். ஊசி போட்டுக் குழாய் மாட்டினார்கள். டாக்டர் அம்மா என்னை நடையோரம் தனியாக அழைத்து, இதற்கு மாற்று மருந்து என்று ஒன்றும் இல்லை, கவனித்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம் என்றார். இப்போது நன்றாகத்தானே இருக்கிறார் என்று கேட்டேன். அதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள் என்றார்.

சாயங்காலம் அவருக்கு வாந்தி ஆரம்பித்தது. ஆண்கள் வார்டில் பெண் தங்கக் கூடாது என்றார்கள். என் மனைவி கேட்கவில்லை, கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மாற்றுத்துணியும் பிளாஸ்கும் கொண்டுவர, வீட்டைப் பூட்டிவிட்டு வர என்னைத்தான் அனுப்பினாள். காலையில் வந்தால் போதும் என்றாள். நான் கிளம்பும்போது கேட்டாள்:

"அந்தப் பேருக்கு இன்னா அர்த்தம்? அந்த டாக்டரம்மா படிச்சதே, அதுக்கு."

"புகழ் மிக்கது. ரொம்பப் பெருமிதமானது."

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான் என்றேன். பெயர் வைத்தவர் பூவைப் பார்த்து வைத்திருக்கிறார். மஞ்சளும் சிவப்புமாகத் தீக்கொழுந்துபோல் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பூவைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மண்ணுக்குக் கீழே இருப்பதைப் பற்றி அந்தப் பெயரில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் உலகத்தில் எந்த ஊர் டாக்டரிடம் போய்ச் சொன்னாலும் புரிகிற பெயரும் அது ஒன்றுதான். இந்த இரண்டையும் நான் அன்று பஸ்ஸில் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன். எதுவும் ஆறுதலாக இல்லை.

வீட்டில் தலைக்கு மேலே சத்தம் இல்லை. டைரியைத் திறந்தேன். மழையளவும், கூட்டத்துக்குப் போனதும் எழுதினேன். அதற்குக் கீழே எழுத வரவில்லை. அந்தப் பக்கம் இன்றும் பாதி வெள்ளையாக இருக்கிறது.

அவர் பிழைத்தார் என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். பல நாள் படுக்கையில் கிடந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். வந்தபிறகு தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. டாக்டர் அம்மா முன்பே சொல்லியிருந்தார், ஆனாலும் என் மனைவி அன்று சமையலறையில் போய் அழுதாள். "நரைச்ச பூவு வாடிப்போச்சு மாப்ளே" என்று அவரே மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். முடி பிறகு வளர்ந்தது. மாத்திரையை அவருடைய தங்கை உள்ளங்கையில் வைத்து, விழுங்கும் வரை நின்று பார்ப்பாள். மேஜை வழக்கத்தை மேடம் அந்த மாதமே நிறுத்திவிட்டார். எடுத்தவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார். பிறகு கூட்டத்துக்கு ஆட்கள் வருவது மெல்லக் குறைந்தது.

இது எதுவும் மறுநாள் காலையில் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சேதியும் இல்லை. வெளிச்சம் வந்ததும் எழுந்தேன். பால் பாக்கெட்டைத் தொடவில்லை, குப்பியைப் பார்க்கவில்லை. மழையில் நனைந்த பின்கட்டுக்குப் போனேன். மூலையில் இருந்த செங்காந்தள் தொட்டியில் மண் வெடித்து, இரண்டு கைக்கும் ஒன்றாக இரண்டு முளைகள் கூர்மையாக எழும்பியிருந்தன. பட்டையை உருவித் திருப்பினேன். புகழ் மிக்கது என்று என் எழுத்து. பென்சில்தான், ஆனால் தகட்டில் எழுதியது அழியாது. ஆகவே புதுத் தகடு ஒன்றை வெட்டினேன். முன்பக்கம் அதே பெயரை எழுதினேன். பின்பக்கம் தமிழில், கன்னடத்தில், ஆங்கிலத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, விஷம் என்று எழுதி மண்ணில் ஆழமாகச் செருகினேன். பிறகு பிளாஸ்கைக் கழுவினேன்.